‘தீத்துட்டாங்க’ எண்டு சொல்றத முதல்ல நிப்பாட்டுங்க

கடனத் தீர்க்கலாம். பசி தீரும், தாகம் தீரும், காய்ச்சல் தீரும். சந்தேகம் வந்தா கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கண்ணூறு கூட தீரும் எண்டு நம்புற உம்மாமார் நம்ம ஊர்ல இன்னும் ஈக்கிறாங்க. ஆனா ஒரு மனிசன எப்படித் தீர்க்கிறது?

மடவளை பஸார்ல நிண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்தா போதும். கட்சிக் கதை, காணிச் சண்டை, கிரிக்கெட் மெச், எதுவா இருந்தாலும் எங்கயாவது ஒரு இடத்தில "அவன தீத்துக் கட்டணும் மச்சான்" வந்துரும். சொல்றவன்ட கையில ஈக்கிறது கத்தி இல்ல, ப்ளேன்டீ. பகிடிக்குத்தான் சொல்றான், தெரியும். பகிடிய நிப்பாட்டச் சொல்லி நாங்க வரல்ல. அந்தச் சொல் நம்மட வாய்க்குள்ள இருந்துகொண்டு என்ன வேலை பார்க்குது எண்டுதான் கேக்கிறோம்.

தமிழில் மிகவும் பழைய வினைகளில் ஒன்று ‘தீர்’. தொல்காப்பியர் உரியியலில் தீர்தலுக்கும் தீர்த்தலுக்கும் சொல்லும் பொருள் ‘விடுதல்’. அவ்வளவுதான். விடுதல், விலகுதல், நீங்குதல். அதிலிருந்துதான் நோய் நீங்குவதும், கடன் அடைவதும், வழக்கு முடிவதும் கிளைத்திருக்கின்றன. தீர்வு, தீர்ப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். சுங்கத்தில் கட்டும் தீர்வையும் அதே குடும்பம்தான். கட்டுநாயக்கவில் ‘தீர்வையற்ற’ கடைக்குள் நுழையும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, யோசிக்கவும் தேவையில்லை.

இலங்கைத் தமிழில் மட்டும் நன்றாக ஊறிய இன்னொரு பிரயோகம் உண்டு: வேட்டுத் தீர்த்தல். ‘மரியாதை வேட்டுக்கள் தீர்க்கப்பட்டன’ என்று வானொலியில் கேட்டே நாம் வளர்ந்தோம். இதில் பிழை இல்லை. துப்பாக்கிக்குள் இருந்தது வெளியே விடப்படுகிறது, தொல்காப்பியர் சொன்ன அதே விடுதல். ஆனால் ‘வானத்தை நோக்கி வேட்டுத் தீர்க்கப்பட்டது’ என்ற வாக்கியமும், ‘ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது வேட்டுக்கள் தீர்க்கப்பட்டன’ என்ற வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்தது போல வருகின்றன பாருங்கள். சுட்டது யார் என்று இரண்டிலும் இல்லை. முதலாவதில் பரவாயில்லை.

இப்ப நிகரான சொற்களப் பாருங்க. முடிச்சிட்டாங்க. போட்டுட்டாங்க. சினிமாவில் இருந்து வந்த ‘போட்டுத் தள்ளு’. வடக்கில் யுத்த காலத்தில் புழங்கிய ‘மண்டையில போட்டாச்சு’. இயக்கங்களின் மொழியில் ‘களையெடுப்பு’. தமிழ்நாட்டில் ‘பைசல் பண்ணு’. (நம்ம ஊர்ல பைசல் எண்டா அது ஆள்ட பேர். சரியையும் பிழையையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்பவர் என்பது அரபுப் பொருள். பாவம், அந்தச் சொல்லையும் இழுத்துக்கொண்டு வந்து கணக்கு முடிக்கிற வேலையில விட்டுட்டாங்க.)

இவையெல்லாம் ‘கொல்’ என்பதற்கு நிகர் என்று அகராதி போடலாம். நாங்கள் ஒப்பமாட்டோம். ‘கொன்றான்’ என்றால் கொன்றவன் ஒருவன், செத்தவன் ஒருவன், இருவரும் வாக்கியத்தில் நிற்கிறார்கள். ‘களையெடுத்தான்’ என்றால் செத்தவன் புல். ‘தீர்த்தான்’ என்றால் செத்தவன் கடன், அல்லது காய்ச்சல், அல்லது பிரச்சினை. தமிழில் தீர்க்கப்படுவது எப்போதும் ஒரு தொல்லைதான். அந்த இடத்தில் ஒரு ஆளைக் கொண்டுபோய் வைத்தால், அவன் தொல்லை என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. வினையே அந்த வேலையைச் செய்து முடித்துவிடும்.

பெரிய உதாரணம் எல்லோருக்கும் தெரியும். 1942 ஜனவரி 20ஆம் திகதி பெர்லினில் வான்ஸே என்ற இடத்தில் நாஸி அதிகாரிகள் கூடிப் பேசியதன் தலைப்பு ‘யூதப் பிரச்சினைக்கு இறுதித் தீர்வு’. முதலில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு ‘பிரச்சினை’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு தீர்வு தேடுவது நிர்வாக வேலை ஆகிவிட்டது. 2018 மார்ச்சில் திகனயில் நம்மவர்களுடைய வீடும் கடையும் எரிவதற்கு முன்பும், நாம் ‘பிரச்சினை’ என்ற பெயரோடுதான் பேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்தக் கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக 2020இல் அந்தக் கம்பனியே மன்னிப்புக் கேட்டது.

ஆனா தூரத்துக்குப் போகத் தேவல்ல. உடத்தலவின்ன நமக்குப் பக்கத்து ஊர். 2001 டிசம்பர் 5, பொதுத் தேர்தல் நாள். முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவாளர்களான பத்து இளைஞர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைய பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்தையும் அவரது இரு மகன்மாரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் இருந்தார்கள். 2006 ஜனவரியில் வந்த தீர்ப்பு அவர்கள் மூவரையும் விடுதலை செய்தது. இராணுவத்தினர் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. இலங்கையில் 1976க்குப் பிறகு அந்தத் தண்டனை யாருக்கும் நிறைவேற்றப்பட்டதில்லை.

இந்தக் கதையை ஒரே வினையை வைத்துச் சொல்லி முடிக்கலாம். தேர்தல் பகை தீர்க்கப்பட்டது, வேட்டுத் தீர்க்கப்பட்டது, பத்துப் பேர் தீர்க்கப்பட்டார்கள், வழக்குத் தீர்ந்தது. வாசிச்சுப் பாருங்க, எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகுது! கல்லு முள்ளு ஒண்டும் காலில படல்ல. அதுக்காகத்தான் சொல்றோம், அந்த நாளைப் பற்றி எழுதும்போது ‘சுட்டார்கள்’, ‘கொன்றார்கள்’ என்றே எழுதுங்கள். நம்ம வயசுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தத் திகதி தெரியும் என்றும் கேட்டுப் பாருங்கள்.

சொல்லை மாற்றி என்ன வரப்போகுது எண்டு கேக்கிற நானாமாருக்கு ஒண்டு சொல்லணும். அரசாங்கம் ‘காணாமற்போனோர்’ என்று எழுதியபோது வடக்கு கிழக்குத் தாய்மார் தெருவில் உட்கார்ந்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். போனால் அது போனவன் பாடு. ஆக்கப்பட்டால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். ஒரு துணைவினைக்காக யாரும் வெயிலில் வருஷக்கணக்காகக் குந்தியிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

கடைசியா, நமக்குள்ளயே ஓடுற ‘தீர்’ ஒண்டு ஈக்கி. "பேசித் தீத்தாச்சி." கணவன் அடிச்ச பிரச்சினை, சின்னப் பிள்ளையிட்ட ஒருத்தன் கைவெச்ச பிரச்சினை, சீதனக் காசு திரும்பி வராத பிரச்சினை, எல்லாத்துக்கும் பெரியவங்க ரெண்டு பேர் போய் உக்காந்து ப்ளேன்டீ குடிச்சிட்டு எழும்புறது. வெளியே வந்து சொல்றது அந்த ஒரே வாக்கியம். யாருக்குத் தீர்ந்தது எண்டு கேட்டா ஊர மானபங்கப்படுத்துறாங்க எண்டு கோபம் வருது. அடி வாங்கின தாத்தா அந்தக் கூட்டத்தில இருந்தாவா எண்டு கேட்டா, "அவக்கென்னத்துக்கு கூட்டம்" எண்டு பதில் வருது.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் கூட இப்படிச் செய்வதில்லை. இரு தரப்பும் இணங்கினால் இணங்கியதற்கு ஒரு சான்றிதழ். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்பதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். ‘தீரவில்லை’ என்பதையும் கடதாசியில் எழுதி, முத்திரை குத்தி, முறைப்பாட்டுக்காரியின் கையில் கொடுக்கிறது சட்டம். நம்ம ஊர்க் கூட்டங்களில அப்படியொரு கடதாசி எழுதினத நாங்க இதுவரைக்கும் கண்டதில்ல.