உங்க லேப்ல உங்க பேரு என்ன?

உங்க காலேஜ் லேப்ல லினக்ஸ் சிஸ்டம் இருந்தா, நாளைக்கு ஒரு வேலை பண்ணுங்க. டெர்மினலைத் திறந்து ‘ஹூஆம்ஐ’ கமாண்டை அடிச்சுப் பாருங்க. உங்க பேரோ ரோல் நம்பரோ வந்தா, நீங்க கொடுத்து வச்சவங்க. ‘ஸ்டூடன்ட்’னு வந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எனக்குச் சொந்த ஊர் குன்னூர். போன வருஷம் மே லீவுல, ஊர்ல இருக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டருக்கு எட்டு பழைய சிஸ்டத்துல டெபியன் போட்டுக் கொடுத்தேன். ஒண்ணுல இன்ஸ்டால் பண்ணி, மீதி ஏழுக்கும் அதையே க்ளோன் பண்ணிட்டேன். எட்டுலயும் ஒரே யூசர், ‘ஸ்டூடன்ட்’. பாஸ்வேர்டும் அதேதான். ஒன்பதாவதா ஒரு டப்பா சிஸ்டத்தை கேட்வேயா வச்சு, ஒரே பிராட்பேண்ட் கனெக்‌ஷனை எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்தேன். ஒரே நாள்ல முடிச்சிட்டேன்னு பெருமை வேற.

அங்க வர்ற பசங்க சுமார் நாற்பது பேர். பைத்தான்ல சந்தேகம் வந்தா கேக்கட்டும்னு அவங்களுக்கு ஐஆர்சி சாட் காட்டிக் கொடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு, யாரோ ஒருத்தர் அங்க போய் அசிங்கமா எழுதித் தள்ளிட்டாங்க. நெட்வொர்க்காரங்க சென்டரோட ஐபி அட்ரஸையே தடை பண்ணிட்டாங்க. எட்டு சிஸ்டமும் வெளியே.

சார் ரிஜிஸ்டரைப் பார்த்தார். அந்த நேரத்துல மூணு பேர் கையெழுத்து போட்டிருந்தாங்க. ரெண்டு பேர் பழைய பசங்க. மூணாவது, எஸ்டேட் லைன்ல இருந்து வர்ற ப்ளஸ் ஒன் பையன். சேர்ந்து பத்து நாள்தான் ஆச்சு. பழி அவன் மேல விழுந்துச்சு. “நான் இல்லண்ணா”ன்னு போன்ல எங்கிட்ட சொன்னான். அதுக்கப்புறம் அவன் வரவே இல்லை. அவன் வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது.

அவன்தான் செஞ்சானா? எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. அவன் செய்யலைன்னு நிரூபிக்கவும் வழி இல்லை. அந்த வழியை அடைச்சது நான் வச்ச ‘ஸ்டூடன்ட்’.

இந்தப் பிரச்சினைக்குன்னே ஒரு பழைய சர்வீஸ் இருக்கு. பேரு ஐடென்ட். 1993-ல் வந்த ஆர்எஃப்சி 1413 அதை வரையறுக்கிறது. நீங்க ஒரு ஐஆர்சி சர்வரோட இணையும்போது, அந்த சர்வர் உங்க மெஷினோட 113-ஆம் போர்ட்டுக்குத் திரும்பி வந்து, ரெண்டு பக்க போர்ட் நம்பரையும் சொல்லி, “இந்தக் கனெக்‌ஷன் யாரோடது?”ன்னு கேக்கும். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அதைத் திறந்த யூசரோட ஐடியை வச்சிருக்கும். ஐடென்ட் அதைப் பார்த்து யூசர்நேமைப் பதிலாச் சொல்லும். பதில் வரலைன்னா சர்வர் உங்க பேருக்கு முன்னாடி ~ குறி போட்டுடும். பதில் வந்தா, தப்பு பண்ணின ஒரு யூசரை மட்டும் தடை பண்ணலாம். மத்தவங்க வேலையைப் பார்க்கலாம்.

இது தெரிஞ்சதும் அடுத்த வாரமே ஊருக்குப் போய் ஓஐடென்ட்டி பேக்கேஜைப் போட்டேன். கேட்வேல 113-ஐத் திறந்து, வர்ற கேள்வியை உள்ள இருக்கிற சரியான சிஸ்டத்துக்கு அனுப்புற மாதிரி செட் பண்ணினேன். அரை நாள் வேலை. டெஸ்ட் பண்ணினேன். முதல் சிஸ்டத்தோட பதில்: ஸ்டூடன்ட். ரெண்டாவது: ஸ்டூடன்ட். எட்டும் ஸ்டூடன்ட்.

சர்வீஸ் மேல குறை இல்லை. நாம பேரே வைக்கலைன்னா அது எதைச் சொல்லும்?

என் பாட்டி எஸ்டேட்ல இலை பறிச்சவங்க. சாயங்காலம் மூட்டையை எடை போடும்போது, ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா கிலோ எழுதுவாங்க. அப்புறம் எல்லாருடைய இலையும் ஒரே வண்டியிலதான் ஃபேக்டரிக்குப் போகும். வண்டி ஒண்ணுங்கிறதுக்காகக் கணக்கையும் ஒண்ணா எழுதினா, பாட்டி சும்மா விட்டிருப்பாங்களா? நம்ம லேப்ல வெளியே போற ஐபி ஒண்ணு. அதனால கணக்கும் ஒண்ணு போதும்னு நாம விட்டுட்டோம்.

“ரிஜிஸ்டர் இருக்கே”ன்னு சிலர் சொல்வாங்க. 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகளும் அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டைக் குறைந்தது ஒரு வருஷம் வைக்கச் சொல்லுது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்லுது. சரி. ஆனா ரிஜிஸ்டர் யார் உள்ளே வந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும். யார் டைப் பண்ணினாங்கன்னு சொல்லாது. ‘ஸ்டூடன்ட்’னு மட்டும் எழுதியிருக்கிற லாக்கை 180 நாள் இல்லை, பத்து வருஷம் வச்சாலும் பிரயோஜனம் இல்லை.

“இது கண்காணிப்பு இல்லையா?”ன்னு கேக்கிறவங்களோட கேள்வி நியாயமானது. ஐடென்ட் கேக்கிற யாருக்கும் பேரைச் சொல்லிடும். அதனால உண்மையான யூசர்நேமை வெளியே விடாதீங்க. ஓஐடென்ட்டில ஒவ்வொரு யூசருக்கும் சம்பந்தமில்லாத ஒரு பேரைப் பதிலா வைக்கலாம். அது யாருன்னு சென்டருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

இன்னொண்ணு. இதை லாகின் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. அந்த மெஷின்ல ரூட் வச்சிருக்கிறவங்க எந்தப் பதிலையும் சொல்ல வைக்கலாம். 1985-ல் இதோட முந்தைய வடிவத்துக்கு ‘ஆதென்டிகேஷன் சர்வர்’னு பேரு. 1993-ல் அதை ‘ஐடென்டிஃபிகேஷன்’னு மாத்தி, அனுமதி கொடுக்க இதை நம்பாதீங்கன்னு அந்த ஆவணமே சொல்லுது. லேபை நடத்துறவங்களை நம்பினா மட்டும்தான் இந்தப் பதிலுக்கு மதிப்பு.

அதனால என் கருத்து இதுதான். முதல்ல ஆளுக்கொரு அக்கவுன்ட், அதுக்கப்புறம்தான் ஐடென்ட். நாற்பது பேருக்கு எட்டு சிஸ்டத்துல அக்கவுன்ட் போட ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும். நான் போட்டேன். காலேஜ் அளவுக்குப் பெருசுன்னா எல்டாப் வைங்க. எழுந்து வெளியே போகும்போது ஸ்கிரீனை லாக் பண்ணவும் சொல்லிக் கொடுங்க.

அந்தப் பையனுக்கும் ஒரு அக்கவுன்ட் போட்டிருக்கேன். சார்கிட்ட பேசிட்டேன், அவர் வரச் சொல்லிட்டார். அவன்கிட்டயும் சொன்னேன். இதை எழுதுற வரைக்கும் அவன் லாகின் ஆகலை.

உங்க லேப்ல ‘ஸ்டூடன்ட்’னு வந்தா, ஏதாவது தப்பு நடக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த வாரமே லேப் இன்சார்ஜ்கிட்ட போய் உங்க பேர்ல ஒரு அக்கவுன்ட் கேளுங்க. ஸ்கிரிப்ட் வேணும்னா எங்கிட்ட கேளுங்க.