40 கிராம் தங்கம்: யாருக்கு வரி இல்லை?

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றதுமே உறவுக்குள் ஒரு கணக்கு ஓடும். “பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரை வரி கிடையாது. வரும்போது ஒரு செயின் வாங்கிட்டு வந்துடு.” எண் சரிதான். ஆனால் அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடையாது.

ஓராண்டு நிபந்தனை

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டு வரும் இந்தியர்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் மட்டுமே இந்த நகைச் சலுகை உண்டு. துபாயில் 3 ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்புகிறவருக்குக் கிடைக்கும். 5 நாள் சிங்கப்பூர் சுற்றுலா போனவருக்குக் கிடைக்காது. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் 6 மாதம் இருந்துவிட்டு வரும் அம்மாவுக்கும் கிடைக்காது.

2016-ஆம் ஆண்டு விதிகளில் எடையோடு மதிப்புக்கும் வரம்பு இருந்தது. பெண்களுக்கு 1 லட்சம் ரூபாய், ஆண்களுக்கு 50,000 ரூபாய். தங்கம் விலை ஏற ஏற, 40 கிராம் என்பது காகிதத்தில் மட்டுமே இருந்தது. 2026 பிப்ரவரி 2 முதல் வந்த புதிய விதிகளில் மதிப்பு வரம்பு போய்விட்டது. இப்போது எடை மட்டும்தான் கணக்கு. பெண்களுக்கு 5 பவுன், மற்றவர்களுக்கு இரண்டரைப் பவுன். அதுவும் நகையாக இருக்க வேண்டும். தங்க பிஸ்கட், தங்கக் காசு இதில் சேராது.

மற்ற பொருட்களுக்கு

விமானத்தில் வரும் இந்தியர்களுக்கான பொதுச் சலுகை 50,000 ரூபாயிலிருந்து 75,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இது ஆளுக்கு ஆள் தனி. 1,20,000 ரூபாய் கேமராவைக் கணவன், மனைவி இருவர் கணக்கிலும் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்ட முடியாது. மது 2 லிட்டர், சிகரெட் 100 என்ற அளவைத் தாண்டினால் வரி உண்டு.

போட்டுக்கொண்டு போகும் நகை

வீட்டுப் பெண்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். வெளிநாட்டில் உறவினர் கல்யாணம் என்றால் ஆரம், வளையல் என்று இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம். திரும்பி வரும்போது, “இது என் பழைய நகைதான் சார்” என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. அது இங்கிருந்துதான் போனது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

அதற்கு வழி, புறப்படும் நாளிலேயே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ‘எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட்’ வாங்கிக்கொள்வது. நகைக்கடை பில், எடையும் மதிப்பும் குறித்த மதிப்பீட்டாளர் சான்று, நகைகளின் போட்டோ ஆகியவை கையில் இருந்தால் வேலை சுலபம். நகையைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட்டால் காட்ட முடியாது. ஆகவே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சுங்க அதிகாரி எங்கே இருக்கிறார் என்று செக்-இன் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். திரும்பி வரும்வரை அந்தச் சான்றிதழ் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.

சிவப்பா, பச்சையா?

வந்து இறங்கியதும் இரண்டு வழி. வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போய்க் கேட்டுவிடுங்கள். கேட்டால் அதிகபட்சம் வரியோடு முடியும். மறைத்துப் பச்சையில் போய் மாட்டினால் பொருள் பறிமுதலாகலாம், அபராதமும் வரலாம். பயணத்துக்கு முன்பே ‘அதிதி’ என்ற அரசு செயலியிலும் விவரம் தெரிவிக்கலாம்.

விருந்தாளியாக வருபவர்கள்

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நிறைய நகையோடு வந்து, மறுபடி வெளிநாடு திரும்பும் உறவினர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, வரி கட்ட விருப்பமில்லாத நகையைச் சுங்கத்துறையிடமே ஒப்படைத்து ரசீது பெறலாம். நாடு திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணத்தில் அதைப் போட முடியாது! அதனால், எதை எடுத்துவர வேண்டும், எதை அங்கேயே லாக்கரில் வைக்க வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள்.