முட்டைக் கணக்கா, லாரி பாடிக் கணக்கா?



நமது நாமக்கல்லில் இரண்டு பெரிய தொழில்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஒன்று கோழிப்பண்ணை. கோழி ஆர்டர் பார்த்து முட்டை இடுவதில்லை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை ஏறினாலும் இறங்கினாலும், வந்த முட்டையை விற்றுத்தான் ஆக வேண்டும். மற்றொன்று லாரிக்குப் பாடி கட்டும் தொழில். சேஸிஸ் பட்டறைக்கு வந்து, அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். ஒரு சரக்கில் இறங்குமுன் அது இவ்விரண்டில் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று பார்ப்பது நல்லது. இதைச் சொல்லக் காரணம் ஒரு சின்னச் சரக்கு: டி.வி. கேம்.

1990-களில் நம் கடைவீதிகளில் சாமுராய், மீடியா போன்ற பெயர்களில் டி.வி. கேம் பெட்டிகள் விற்றது பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் வழியில் வந்தவை அவை. அன்று அதில் விளையாடிய பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்தவர்கள். அந்தப் பெட்டி கிடைக்குமா, புதிய கேம் வருகிறதா என்று இப்போது கடையில் கேட்கிறார்கள்.

புதிய கேம் வருகிறது என்பதே உண்மை. ஃபேமிகாம் தயாரிப்பு 2003-ல் நின்றுவிட்டது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனி ஆட்களும் சிறு குழுக்களும் பழைய பெட்டிகளுக்கென்று புதிய கேம்களை எழுதி, கார்ட்ரிட்ஜாகவே செய்து விற்கிறார்கள். 2019-ல் வெளிவந்த ‘மைக்ரோ மேஜஸ்’ என்ற கேம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. சேகாவின் மெகா டிரைவ் பெட்டிக்கென 2010-ல் வந்த ‘பியர் சோலார்’ முதல் தயாரிப்பு விற்றுத் தீர்ந்து, பிறகு மறுபடியும் செய்யப்பட்டது.

இவர்கள் ஒரு தடவையில் செய்வது சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் கார்ட்ரிட்ஜ். முதலில் கேமைக் காட்டி, முன்பணம் வாங்கி, எத்தனை பேர் கட்டினார்களோ அதை ஒட்டியே சிப்பும் போர்டும் வாங்குகிறார்கள். மேல்கூட்டுக்கு அச்சு வெட்டும் செலவும், அட்டைப்பெட்டி அச்சடிக்க பிளேட் போடும் செலவும் நூறுக்கும் ஒன்றுதான், ஆயிரத்துக்கும் ஒன்றுதான். நோட்டீஸ் அடித்த எந்த வியாபாரிக்கும் இது தெரியும். ஆகவே எண்ணிக்கை குறைந்தால் அடக்க விலை ஏறுகிறது. கூடினால் சரக்கு தேங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி காட்டுவது முன்பணப் பட்டியல்தான். இது லாரி பாடிக் கணக்கு.

முட்டைக் கணக்கில் செய்தவர்கள் கதையும் உண்டு. 1982-ல் அட்டாரி நிறுவனம் ‘ஈ.டி.’ திரைப்படத்தை வைத்து ஒரு கேம் செய்தது. கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பி, கேட்பார் இருக்கிறார்களா என்று பாராமல் லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். கடைகளில் தேங்கிய சரக்கு திரும்பி வந்தது. 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோ ஊர்க் குப்பைமேட்டில், மற்ற கேம்களோடு சேர்த்து அதையும் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது கார்ட்ரிட்ஜுகள் கிடைத்தன.

நாமும் அந்தத் தவறைச் சிறிய அளவில் செய்தவர்களே. கோடை விடுமுறைக்கென்று சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறைய கார்ட்ரிட்ஜ் வாங்கி வந்தோம். ஜூனில் பள்ளி திறந்ததும் கேட்பாரில்லை. வட்டிக்கு வாங்கிய முதல் இரண்டு வருடம் பரணில் கிடந்தது.

எனவே இந்தச் சரக்கில் இறங்க விரும்பும் உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சில.

முன்பணம் இல்லாமல் தருவிக்க வேண்டாம். வாடிக்கையாளரின் பெட்டி எது என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் ஃபேமிகாம் வகை. அதன் கார்ட்ரிட்ஜுக்கு 60 பின். அமெரிக்க நிண்டெண்டோ வகைக்கு 72 பின். மாற்றி வாங்கினால் பெட்டியில் நுழையவே நுழையாது. அன்றைய துப்பாக்கி கேம் படக்குழாய் டி.வி.யில் மட்டுமே வேலை செய்யும், எல்.இ.டி. டி.வி.யில் செய்யாது. விற்குமுன் இதைச் சொல்லிவிட்டால் சண்டை வராது.

அடுத்தது, வாங்கிய முன்பணம் நம் பணம் அல்ல. அதைக் கல்லாவில் கலந்து வேறு சரக்குக்குத் திருப்பினால் அன்றே சங்கடம் தொடங்குகிறது. மெகா டிரைவுக்கான ‘பாப்ரியம்’ என்ற கேமுக்கு 2017-ல் முன்பணம் வாங்கினார்கள். அந்த வருடமே வரும் என்றது 2020 டிசம்பரில்தான் வரத் தொடங்கியது. அதற்குப் பிறகும் காத்திருந்தவர்கள் உண்டு. கேம் நன்றாக இருந்தும் பேர் கெட்டது. ஆகவே முன்பணத்துக்குப் பேரேட்டில் தனிப் பக்கம் போடுங்கள். சொன்ன தேதி தவறினால் கேட்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பட்டறைக்காரர் தேதி தவறினால் லாரி உரிமையாளருக்கு எத்தனை நடை நஷ்டம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

கடைசியாக, நகல் சரக்கு. முன்னூறு ஐந்நூறு செய்து தீர்ந்ததும், அதே கேம் மலிவு விலையில் போலியாக வருகிறது. அன்று லட்சம் கேம் என்று லேபிள் ஒட்டி, உள்ளே சில டஜன் கேம்களையே திரும்பத் திரும்பப் போட்டு வந்ததை நாம் விற்றோம், மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னூறு பிரதி விற்றுப் பிழைப்பவரின் கேமில் நூறு போலி விற்றால், அடுத்த கேமுக்கு அவரிடம் முதல் இருக்காது. நமக்கும் அடுத்த சரக்கு இருக்காது. 1994-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, போலி என்று தெரிந்தே விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

இது பெரிய லாபம் தரும் சரக்கு என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பேர் பெயரும் முன்பணமும் எழுதிய சிட்டை ஒன்று கையில் இருந்தால் நஷ்டப்படாத சரக்கு என்றே சொல்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் தெரிவித்தால் மற்றவர்களுக்கும் பயன்படும்.