முழங்காலுக்கும் ஒரு பாடவேளை

பெண்கள் பள்ளி மலரில் மல்யுத்தத்தைப் பற்றி எழுதுவதா என்று பெற்றோர் சிலர் வியக்கக்கூடும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் மாணவியர் ஆடுவது கபடியும் கோ-கோவும் எறிபந்தும்தானே என்பர். உண்மைதான். ஆனால் மல்யுத்த வீராங்கனையின் முழங்காலைக் கெடுக்கும் அதே திருகல்தான் கபடிக் களத்திலும் நேர்கிறது. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பிவிடுகிறது.

ஹரியானாவின் வினேஷ் போகாட் 2016இல் ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீனாவின் சுன் யானானுடன் மோதியபோது வலது முழங்கால் பழுதுபட்டு, தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே சுன் யானானை வென்று, தங்கப் பதக்கமும் பெற்றார். 2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது இடது முழங்கால் பழுதாகி, அறுவை சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்குள், 2024 பாரிசில், அதுவரை பன்னாட்டுப் போட்டிகளில் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தினார். (பிறகு 100 கிராம் எடை கூடியதால் இறுதிப் போட்டியை இழந்த துயரம் நாடறிந்தது.)

அவரது நெஞ்சுரத்தைப் போற்றுவோம். ஆனால் நம் ஊர்ப் பெண்ணுக்கு முழங்கால் போனால், "ஆடியது போதும்" என்ற வீட்டாரின் ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும். ஆகவே வருமுன் காப்பதே நமக்கு வழி.

இன்று நாம் செய்வதென்ன? மணி அடித்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து நேரே களத்துக்கு ஓடுகிறோம். மிஞ்சினால் மைதானத்தை இருமுறை சுற்றி, குனிந்து கால்விரலைத் தொடுகிறோம். இதில் உடல் சூடேறும், முழங்கால் வலுப்பெறாது. முழங்காலைத் தாங்குபவை முன்தொடை, பின்தொடை, இடுப்புத் தசைகளே. இடுப்பு தளர்ந்தால் குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயும். வளரும் பெண்களிடம் இக்குறை மிகுதி. (திருமறையில் இரவெல்லாம் மல்லுக்கு நின்ற யாக்கோபுக்கும் இடுப்பில்தானே அடிபட்டது!)

ஐந்து நிமிடம் மெதுவோட்டம், பக்கவாட்டு ஓட்டம். பின்பு பஸ்கி பதினைந்து. ஒற்றைக் காலில் நிற்க, தோழி தோளை இலேசாகத் தள்ளட்டும். அடுத்து, மடித்த சாக்கின்மேல் மண்டியிட்டு, தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முதுகு வளையாமல் மெல்ல முன்சாய வேண்டும். முதல் நாள் மூன்று முறை போதும். கடைசியாக, சத்தமின்றிக் குதித்து இறங்குதல். மொத்தம் இருபது நிமிடம். முன்பே வீக்கமோ வலியோ உள்ளவர் ஆசிரியையிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்ளட்டும்.

இது என் கற்பனையன்று. நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள ஏறத்தாழ 1,900 கால்பந்துப் பெண்களிடம் இத்தகைய பயிற்சியைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்த குழுக்களில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன.

அருட்சகோதரியரிடம் இரு விண்ணப்பங்கள். தேர்வு மாதங்களில் கணக்குப் பாடம் விளையாட்டுப் பாடவேளையை விழுங்காதிருக்கட்டும். வீட்டுப்பாடம் எழுதாதவளுக்குத் தோப்புக்கரணம் தண்டனையாக வேண்டாம். அதுவும் ஒருவகைப் பஸ்கிதான். வகுப்பறையில் அவமானமாகக் கற்றதை மைதானத்தில் எவள் விரும்பிச் செய்வாள்?

தோழியரே, முதல் வாரம் தொடை வலிக்கும். மாடிப்படி இறங்க முனகுவீர்கள். அந்த வாரத்தோடு விட்டுவிடாதீர்கள். தசை வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும்.