மெழுகுவர்த்திக்கு ஏன் இத்தனை போலீஸ்?



வீட்டில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், ஆண்டுக்கு ஒருநாள் அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறோம். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறோம். சுருட்டுப் பிடித்த தாத்தாவுக்குச் சுருட்டும் வைக்கிறோம். பாட்டி முகம் சுளித்தாலும் வைக்கத்தான் செய்கிறோம். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்த நாளில் ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்று, இன்றைக்கு நீ வெளியே போகக்கூடாது என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சீனாவின் பெய்ஜிங் நகரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் சிலர் பல ஆண்டுகளாக அதைத்தான் அனுபவித்து வந்திருக்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989 ஏப்ரல் 15-இல் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ஹூ யாவ்பாங் காலமானார். மாணவர்களிடம் இளகிய மனம் காட்டினார் என்று பதவியிலிருந்து இறக்கப்பட்டவர் அவர். மாணவர்கள் மலர்வளையங்களோடு தியானன்மென் சதுக்கத்துக்கு வந்தார்கள். ஆக, எல்லாம் ஒரு துக்கம் விசாரிப்பதில்தான் தொடங்கியது. வந்தவர்கள் கலையவில்லை. ஊழலை ஒழிக்கவேண்டும், பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் வேண்டும், அரசாங்கம் எங்களோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்றார்கள். மே 20-இல் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஜூன் 3 இரவு டாங்கிகளோடு பட்டாளம் நகருக்குள் புகுந்து, வழிமறித்த மக்களைச் சுட்டது. செத்தவர் எத்தனை பேர்? சில நூறு என்றது அரசாங்கம். ஆயிரத்துக்கும் மேல் என்றார்கள் மற்றவர்கள். பெயர்ப் பட்டியல் ஒன்றை அரசாங்கம் இன்றுவரை வெளியிடவில்லை.

மாணவர் போராட்டம் என்றே உலகம் இதைச் சொல்கிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் விழுந்தது சதுக்கத்துக்குப் போகும் வழியில், முசிடி போன்ற சாலைச் சந்திப்புகளில். அவர்களில் சாதாரணத் தொழிலாளிகள் ஏராளம். ஹான் தொங்ஃபாங் என்ற ரயில்வே மின்பணியாளர், அந்தச் சதுக்கத்தின் ஓரத்திலேயே சுதந்திரமான தொழிலாளர் சங்கம் ஒன்றைக் கட்டியவர்களில் முன்னணியில் நின்றார். சங்கம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விசாரணையே இல்லாமல் 22 மாதம் சிறையில் கிடந்தார். காசநோய் கண்டு ஒரு நுரையீரலை இழந்தார். பிற்பாடு ஹாங்காங்கில் குடியேறித் தொழிலாளர் உரிமைக்காகவே பாடுபட்டார்.

தண்டனையிலும் இந்த வேற்றுமை தெரிந்தது. ஷாங்காய் நகரில் ரயில் ஒன்று கூட்டத்தில் பாய்ந்து 6 பேர் இறந்தார்கள். ஆத்திரத்தில் ரயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. அதற்காக ஜூன் 21-இல் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பீர் ஆலைத் தொழிலாளி, ஒருவர் வானொலிப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், இன்னொருவர் வேலையில்லாதவர். பெய்ஜிங்கில் வேறொரு தொழிலாளி, எரிந்துகொண்டிருந்த டாங்கிமீது கூடையொன்றை வீசினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அவருடைய தண்டனைக் காலம் முடிந்தது 2016-இல். கூடைக்கு 27 வருடம்!

இனி அந்தத் தாய்மார்களிடம் வருவோம். திங் சிலின் ஒரு கல்லூரிப் பேராசிரியை. மகன் ஜியாங் ஜியேலியனுக்கு 17 வயது. அன்றிரவு போகாதே என்று தாய் தடுத்தார். பையன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, சன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. சாங் சியன்லிங் என்ற இன்னொரு தாயின் மகன் வாங் நானுக்கு 19 வயது. அவன் உடலைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மேலோட்டமாகப் புதைத்துவிட்டார்கள். மழை பெய்து நாற்றம் எழுந்த பிறகுதான் அது தோண்டி எடுக்கப்பட்டது.

இந்த இரண்டு தாய்மார்களும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் வீடு வீடாகப் போய் மற்றவர்களைத் தேடினார்கள். போலீஸ் பின்தொடர, மிரட்டல்களுக்கு நடுவே, 200-க்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டினார்கள். அரசாங்கம் எழுத மறுத்த பட்டியலைப் பெற்ற வயிறுகள் எழுதின. அவர்கள் கேட்பது மூன்று: நடந்த உண்மையைச் சொல், இழப்பீடு கொடு, பொறுப்பாளிகள்மீது வழக்குப் போடு. மகன் இறந்த இடத்தில் சாங் சியன்லிங் அஞ்சலி செலுத்தப் போனதற்குப் பிறகு, அந்த இடத்தைப் பார்த்தபடி காமிரா ஒன்று பொருத்தப்பட்டது.

சொந்த ஊரில் ஏற்ற முடியாத அந்த விளக்கை ஹாங்காங் ஏற்றியது. 1990-இலிருந்து ஒவ்வொரு ஜூன் 4 இரவும் 8 மணிக்கு, விக்டோரியா பூங்காவின் பந்துத் திடல்களில் மக்கள் உட்கார்ந்தார்கள். காகிதத்தைச் சுருட்டி மெழுகுவர்த்தியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள், காற்றுக்கு அணையாமலும் கையில் மெழுகு சொட்டாமலும் இருக்க. இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவந்தவர்கள் உண்டு. எல்லாம் முடிந்தபின் சிலர் குனிந்து உட்கார்ந்து, தரையில் உறைந்த மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகும் இது நிற்கவில்லை. 2019-இல் 1,80,000 பேருக்குமேல் வந்தார்கள் என்றனர் அமைப்பாளர்கள். போலீஸ் சொன்ன கணக்கு 37,000.

2020-இல் கோவிட் தொற்றைக் காட்டித் தடை வந்தது. அப்படியும் ஆயிரக்கணக்கானோர் தடுப்புகளைத் தாண்டிப் பூங்காவுக்குள் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மறுவருடம் பூங்காவையே மூடினார்கள். நகரெங்கும் 7,000 போலீசார் நிறுத்தப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அமைப்பின் துணைத் தலைவி சௌ ஹாங்துங், வழக்கறிஞர். எங்கே இருந்தாலும் விளக்கேற்றுங்கள் என்று எழுதியதற்காக அவருக்கு 15 மாதச் சிறை. நடுவில் ஒரு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. 2024 ஜனவரியில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. அமைப்பின் தலைவர் லீ சியூக்யான் தொழிற்சங்கவாதி. 1989-இல் ஹாங்காங் மக்கள் கொடுத்த நன்கொடையைப் பெய்ஜிங்குக்கு எடுத்துப்போய்ப் பிடிபட்டு மீண்டவர். அவரும் சிறைக்குப் போனார். 2021 செப்டம்பரில் அமைப்பு கலைக்கப்பட்டது. அடுத்த மாதம், அவர் வழிநடத்திய தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்தது.

2023-இலிருந்து அந்தத் தேதியை ஒட்டி அதே பூங்காவில் சீன மாநிலங்களின் தின்பண்டச் சந்தை நடத்தினார்கள். வெளியே மெழுகுவர்த்தியோ பூவோ கையில் வைத்திருந்தவர்களைப் போலீஸ் அழைத்துப்போனது. இப்போது தைப்பேயிலும் லண்டனிலும் வான்கூவரிலும் அந்த இரவில் விளக்கேற்றுகிறார்கள். பெய்ஜிங் தாய்மார்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சீனாவுக்குள்ளே இணையத்தில் ஜூன் 4 என்று எழுதினால் அழித்துவிடுவார்கள். அதனால் சிலர் மே 35 என்று எழுதத் தொடங்கினார்கள். நாட்காட்டியை எடுத்து, மே 31-க்கு மேல் நான்கு நாள் எண்ணிப் பாருங்கள். கொஞ்ச காலத்தில் அதையும் கண்டுபிடித்து அழிக்கத் தொடங்கினார்கள்.