கேரியரை அப்பாவின் அளவுக்கு வாங்குங்கள்

திருச்சி தில்லைநகரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். கோடை விடுமுறை நெருங்கினால் ஒரு கேள்வி தவறாமல் வரும். “மேடம், வெளிநாடு போறோம். பாப்பாவுக்கு ஸ்ட்ரோலர் எடுத்துக்கவா, பேபி கேரியர் போதுமா?” கேட்பவர் அநேகமாக அம்மா, கழுத்து வலிக்கோ மணிக்கட்டு வலிக்கோ சிகிச்சைக்கு வந்தவர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “குழந்தையை யார் தூக்கப் போறீங்க?” கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். விசா, ஹோட்டல், கட்டிக்கொண்டு போகும் புளிக்காய்ச்சல் வரை பேசி முடித்திருப்பார்கள். இதை மட்டும் பேசியிருக்க மாட்டார்கள்.

பேசாமல் விட்டால் குழந்தை அம்மாவின் இடுப்புக்குத்தான் போகும். அம்மா களைத்தால் பாட்டியின் இடுப்புக்கு, அவருக்கு மூட்டு வலி இருந்தாலும். அப்பா பெட்டிகளைத் தள்ளுவார், வழி பார்ப்பார், படம் எடுப்பார். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. வீட்டில் இருக்கும் பழக்கம் பாஸ்போர்ட் இல்லாமலே கூட வருகிறது.

நம் குடும்பங்கள் பலவும் குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் ஒரு பயணம் போய்வந்துவிடப் பார்க்கின்றன. அதுவரை மடியில் வைத்துக்கொள்ளலாம். பல விமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் வாங்கும். பணக்கணக்கு சரி. ஆனால் அந்த வயதில் குழந்தையின் எடை 11, 12 கிலோ. ஏறக்குறைய அரை மூட்டை அரிசி. அதுவும் சும்மா இருக்காத எடை. இறக்கிவிடு என்று நெளியும்; பத்தடி ஓடிவிட்டுத் தூக்கு என்று கை நீட்டும்.

ஒரு பக்க இடுப்பில் குழந்தையை வைத்தால் அந்தப் பக்கத்து இடுப்பெலும்பு மேலே ஏறும், முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து ஈடுகட்டும். வீட்டில் சோறு ஊட்டும் நேரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. காலை முதல் இரவு வரை ஊர் சுற்றினால் பொருட்டுதான். இன்னொன்று கட்டைவிரல். இரண்டு கட்டைவிரலையும் விரித்து, குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி, மணிக்கட்டோரத்துத் தசைநாண் உறை வீங்கிக்கொள்ளும். 1895-ல் இதை விவரித்த ஸ்விஸ் மருத்துவர் டி குவர்வெய்னின் பெயரிலேயே இந்த நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. சின்னக் குழந்தைகளின் தாய்மார்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். பாட்டில் மூடியைத் திருகக்கூட முடியாமல் வருவார்கள்.

ஆகவே ஸ்ட்ரோலரா, கேரியரா என்பதை நான் தூக்குகிறவரின் உடம்பிலிருந்துதான் பார்க்கிறேன். அடுத்தது போகிற ஊர்.

சிங்கப்பூர் என்றால் ஸ்ட்ரோலர்தான். திருச்சியிலிருந்து நேரடி விமானம். இறங்கினால் சாங்கி விமான நிலையத்திலேயே இலவச ஸ்ட்ரோலர்கள் இருக்கின்றன. எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. 2017 முதல் அங்கே பொதுப் பேருந்திலும் ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற்றலாம். அந்தப் புழுக்கத்தில் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தால் இரண்டு உடம்பும் ஒன்றின் வேர்வையில் ஒன்று நனையும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவரிசைகளில் மட்டும் சிரமம்: முன்தாழ்வாரம் கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் சரக்கு அடுக்கியிருக்கும். அங்கே குழந்தையை இறக்கி நடக்கவிடுங்கள். வேடிக்கை பார்க்க அதற்கும் நல்ல இடம்.

வெனிஸ் நேர் எதிர். கார் ஓடாத ஊர். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். சந்து முடிந்தால் பாலம், பாலம் இறங்கினால் சந்து. நாங்கள் போனபோது கேரியர் மட்டும்தான் கொண்டுபோனோம். என் கணவர் முதுகில் மகள். ஒரு பாலத்தடியில், உள்ளூர்க்காரர் போலத் தெரிந்த ஓர் அம்மா ஸ்ட்ரோலரோடு வந்தார். பின்பக்கம் வந்த இளைஞர் ஒன்றும் கேட்காமல் குனிந்து முன்சக்கரத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அவர் தன் வழியே போய்விட்டார். அழகான பழக்கம். ஆனால் பாலத்துக்குப் பாலம் ஒருவர் கிடைப்பார் என்று நம்பிக் குழந்தையோடு ஊர் சுற்ற முடியாது. அங்கே நீங்கள் தள்ளப்போவது குறைவு, சுமக்கப்போவது அதிகம்: குழந்தையையும் ஸ்ட்ரோலரையும் சேர்த்து. வண்டியும் கையுமாக வந்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது வாப்பரெட்டோ எனப்படும் படகுப் பேருந்து. பெருங்கால்வாய் நெடுக ஒன்றாம் எண் படகு நின்று நின்று போகும்.

பாரிஸில் கேள்வி மெட்ரோவா, பேருந்தா என்பது. 1900-ல் தொடங்கிய மெட்ரோவின் பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. 1998-ல் வந்த 14-ஆம் தடத்தில் மட்டும் எல்லா நிலையங்களிலும் உண்டு. ஸ்ட்ரோலரோடு போகிறவர்கள் மெட்ரோ வரைபடத்தை மூடிவைத்துவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். நேரம் கூடுதலாகும், ஊரையும் பார்க்கலாம்.

ஸ்ட்ரோலருக்கு நான் எதிரி இல்லை. மடக்கு ஸ்ட்ரோலர் பிறந்த கதையே பயணக் கதை. ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பிரிட்டிஷ் பொறியாளர். பேரக்குழந்தையோடு விமானத்தில் வந்த மகள் கனத்த தள்ளுவண்டியோடு பட்ட பாட்டைப் பார்த்துத்தான், 1965-ல் குடைபோல மடியும் அலுமினிய வண்டியை அவர் உருவாக்கினார் என்பார்கள். சுமக்கிறவளைப் பார்த்துச் செய்த பொருள் அது. எனக்கு அதனாலேயே அதன்மேல் மரியாதை. மதியத் தூக்கத்துக்கு அதுபோல் வேறில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும்: கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள், குழந்தை இறங்கியதும் வண்டி பின்னால் சாயும். வெயிலுக்கு மறைப்பாகத் துப்பட்டாவைப் போட்டு மூடாதீர்கள், காற்றோட்டம் நின்று உள்ளே வேகமாகச் சூடேறும்.

விமான நிலையத்தில் ஸ்ட்ரோலரை நம்பியிருப்பவர்கள் விமானம் மாறுமிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஏறும்போது விமான வாசலில் ஊழியர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். திரும்ப வாசலில் தருவார்களா, கடைசி ஊரின் பெல்ட்டில்தான் வருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர் மாறும். இடையில் நள்ளிரவில், தூங்கும் குழந்தையோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நடைக்காகவே, எந்த ஊருக்குப் போனாலும் கைப்பையில் ஒரு கேரியர் இருக்கட்டும் என்கிறேன்.

அந்தக் கேரியரை அப்பாவின் அளவுக்கு வாங்குங்கள். கடையில் போட்டுப் பார்ப்பது அம்மாதான். இடுப்புப்பட்டை அவருக்குப் பொருந்தும், பில் போட்டுவிடுவார்கள். ஊரில் போய் அப்பா போட்டால் கொக்கி எட்டாது. “எனக்கு செட் ஆகல” என்று கழற்றிக் கொடுத்துவிடுவார். கையால் தூக்குவது பெண்கள் வேலை என்று ஆகிவிட்ட வீட்டில்கூட, பட்டையும் கொக்கியுமாக ஒரு பொருள் வந்தால் ஆண்கள் தயங்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். என் வீட்டிலும், சிகிச்சைக்கு வரும் குடும்பங்களிலும் பார்த்தது இது. அந்த வாசலை நாமே அடைக்க வேண்டாம். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். இந்த வயதுக்கு முதுகில் சுமக்கும் வகைதான் நல்லது. முன்னால் கட்டினால் உங்கள் காலடியில் இருக்கும் படி உங்களுக்கே தெரியாது. குழந்தையின் முழங்கால் அதன் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தொடைக்கு அடியில் துணி முழுக்கத் தாங்க வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நாள் வெள்ளோட்டம் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது மலைக்கோட்டை. உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு நானூறுக்கும் மேல் படி. வெயில் ஏறுவதற்கு முன் அப்பா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கட்டும். தோள் வலித்தால் எடை இடுப்பில் உட்காரவில்லை என்று பொருள். குழந்தையை இறக்கிவிட்டு, இடுப்புப்பட்டையை இடுப்பெலும்புக்கு மேலே வைத்து முதலில் அதை இறுக்குங்கள். தோள்பட்டையை அதற்குப் பிறகுதான் இழுக்க வேண்டும். அப்படியும் வலித்தால் கடையில் மாற்றிக்கொள்ள நாள் இருக்கிறது.