ஏக்கர் என்னும் சொல்லும் நில அளவும்

தமிழ்நாட்டுக் குடியானவர் நாவில் ஏக்கர் என்னும் சொல் காணி, வேலி என்பவற்றைப் போலவே இயல்பாக வழங்குகின்றது. அஃது ஆங்கிலத்தினின்று வந்தது என்பதை நினைப்பவர் சிலரே. அதன் வரலாற்றை அறிதல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பத்திரத்திலும் பட்டாவிலும் நேரும் பிழைகளைத் தவிர்ப்பதற்கு அது பெரிதும் துணைபுரியும்.

ஆதியில் இச்சொல் ஓர் அளவைக் குறிக்கவில்லை. திறந்த வெளி, உழுவயல் என்பதே பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள். வயலைக் குறிக்கும் லத்தீன் 'ஆகெர்', ஜெர்மன் 'ஆக்கர்', சமஸ்கிருத 'அஜ்ர' ஆகியவை இதற்கு இனமான சொற்கள். விவசாயத்தைக் குறிக்கும் 'அக்ரிகல்ச்சர்' என்பதும் அந்த லத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே.

பின்னர், எருதுகளைக் கொண்டு ஒரு நாளில் உழக்கூடிய பரப்பு ஏக்கர் எனப்பட்டது. கனத்த கலப்பையை இழுக்கும் எருதுகளை அடிக்கடி திருப்புதல் கடினமாதலின், வயல் நீண்டும் ஒடுங்கியும் அமைந்தது. உழவுசாலின் நீளமே 'பர்லாங்கு' என்று பெயர் பெற்றது. ஒரு பர்லாங்காகிய 660 அடி நீளமும், 66 அடி அகலமும் கொண்ட துண்டு ஓர் ஏக்கர். அதாவது 43,560 சதுர அடி.

உழைப்பைக் கொண்டு நிலத்தை அளப்பதில் ஒரு குறை உண்டு. மண்ணின் தன்மைக்கும் மாட்டின் வலிமைக்கும் தக்கவாறு அளவு மாறும். ஸ்காட்லாந்தின் ஏக்கர் இங்கிலாந்தின் ஏக்கரைப் போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கும், அயர்லாந்தின் ஏக்கர் ஒன்றரை மடங்குக்கு மேலும் இருந்தன. 1620-ஆம் ஆண்டளவில் எட்மண்ட் கன்டர் என்பவர் 100 கண்ணிகளை உடைய 66 அடிச் சங்கிலியை வகுத்தார். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்னும் கணக்கு எளிதாயிற்று. ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு 'சென்ட்'. நூறு என்னும் லத்தீன் சொல்லே அதற்கு மூலம்.

நம் நாட்டு அளவுகளின் கதியும் இத்தகையதே. செங்கற்பட்டுப் பகுதியின் காணி 1.32 ஏக்கர், தஞ்சாவூரின் வேலி சுமார் 6.6 ஏக்கர், அதில் இருபதில் ஒரு பங்கு மா. குழியோ, அளக்கும் கோலின் நீளத்துக்கேற்ப இடந்தோறும் வேறுபட்டது. இப்பெயர்கள் மறக்கத் தக்கவை அல்ல. ஆயினும், ஊர் எல்லையைத் தாண்டினால் பொருள் மாறும் ஒரு சொல்லை நம்பிக் கிரயப் பத்திரம் எழுதுவது வழக்குக்கு வித்திடுவதாகும்.

1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால் இந்தியாவில் மெட்ரிக் முறை ஏற்பட்டது. இன்று பட்டாவில் விஸ்தீரணம் ஹெக்டேரிலும் ஏரிலும் காணப்படுகின்றது. இந்த ஏர் உழவர் பிடிக்கும் ஏர் அன்று. பரப்பு என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லினின்று பிரான்சு நாட்டார் 1795-இல் வகுத்த 100 சதுர மீட்டர் அளவு. ஓர் ஏர் சுமார் 2.47 சென்ட், 100 ஏர் கொண்ட ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர்.

இதனை அறியாமையால் வரும் நஷ்டம் சிறிதன்று. பட்டாவில் 0 - 40.50 என்றிருப்பதை நாற்பதரை சென்ட் என்று கொள்பவர், முழுதாக ஓர் ஏக்கருக்கு உரியவராயிருந்தும் ஏறத்தாழ 60 சென்ட் நிலத்தைக் கணக்கிலேயே இழக்கின்றார். ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்னும் குறிப்பை ஏக்கருக்கு என்று கொண்டால், 60 கிலோ வேண்டிய இடத்தில் இரண்டரை மடங்கு இடப்படும். பணமும் வீண்; பயிரும் சாய்ந்து கெடும்.

ஆகையால், கிரயம், குத்தகை, பாகப்பிரிவினை ஆகிய பத்திரங்களில் சர்வே எண்ணுடன் ஹெக்டேர்-ஏர், ஏக்கர்-சென்ட் ஆகிய இரு கணக்குகளையும் எழுதுவிப்பது நிலமுடையோர் கடமை. பட்டாவைக் கையில் கொடுக்கும்பொழுதே அதிலுள்ள அளவை ஏக்கரில் வாய்விட்டுச் சொல்லுவது கிராம அலுவலர்க்கு ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் பல ஆண்டு வியாச்சியத்தைத் தடுக்கும். சொல் எந்நாட்டிலிருந்து வந்ததாயினும் ஆகுக. கொடுப்பவரும் வாங்குபவரும் அதற்கு ஒரே பொருள் கொள்ளுதலே முக்கியம்.